நடுக்கடலில் செக்போஸ்ட்

சுங்கத்துறை ரோந்துக் கப்பலில் வேலை என்றால் தினம் ஒரு துரத்தல், வாரம் ஒரு துப்பாக்கிச் சூடு என்று அமர்க்களமாக இருக்குமே? (திருச்சி வாசகர்)

இரண்டரை மணி நேரத்தில் படத்தை முடித்தாக வேண்டும் என்பதால் சினிமாவில் துரத்துகிறார்கள். நிஜக் கப்பலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேடார் திரையில் ஐம்பது புள்ளி. எது மீன் பிடிக்கிறது, எது மீன் பிடிப்பதுபோல் நடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். வலை இழுக்கிற படகு ஊர்ந்து போகும், வளைந்து திரும்பும். விளக்கை அணைத்துவிட்டு நூல் பிடித்த மாதிரி ஒரே நேராகப் போகிற படகு, ஓரிடத்தில் இன்னொரு படகோடு ஒட்டி நின்று, பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு திசையில் பிரிந்தால், கேப்டன் காபியைக் கீழே வைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு நலம் விசாரிக்க யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை.

அப்புறம் ரப்பர் படகை இறக்கி, போய், ஏறி, தேடி, எழுத வேண்டும். எழுதுவது இருக்கிறதே, தேடுவதைவிட நீளம்.

இந்த வரிக் கப்பலை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (கும்பகோணம் வாசகர்)

ஒரே ஆள் பெயரில் பில் போட முடியாது. இங்கிலாந்தில் 'ரெவின்யூ கட்டர்' என்ற வேகமான ஒற்றைப் பாய்மரக் கப்பல்கள் 18-ஆம் நூற்றாண்டு முழுக்க பிராந்திக்கும் தேயிலைக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் மட்டும் பிறந்த தேதியே இருக்கிறது: 1790 ஆகஸ்ட் 4. சுதந்திரப் போரில் தலைக்கு மேல் கடன். கடற்படையைக் கலைத்துவிட்டார்கள். வருமானம் என்றால் இறக்குமதி வரி ஒன்றுதான். நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் பத்துப் படகு கேட்டு வாங்கினார். சில வருடங்களுக்கு அந்த நாட்டின் கொடியோடு கடலில் ஆயுதம் தாங்கி நின்றவை அந்த வரிப் படகுகள் மட்டும்தான். இன்றைய அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு அதுதான் பூர்விகம்.

ஹாமில்டன் 1791-ல் தன் கேப்டன்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நீங்கள் சோதனை போடப்போவது சுதந்திரமான குடிமக்களை, எனவே திமிரும் முரட்டுத்தனமும் கூடாது என்பது அதன் சாரம். அதை லாமினேட் செய்து விமான நிலைய சுங்கக் கவுன்டர்களில் ஒட்டினால் செலவு ரொம்ப ஆகாது.

பிடித்த படகை என்ன செய்வார்கள்? (நாகப்பட்டினம் வாசகர்)

இங்கிலாந்தில் மூன்று துண்டாக அறுத்தார்கள். உருவகம் எல்லாம் இல்லை, நிஜ ரம்பம். முழுப் படகாக ஏலம் விட்டால் பழைய முதலாளியே ஆள் வைத்து எடுத்துக்கொண்டு மறுவாரம் கடலுக்குப் போய்விடுவான் என்று பட்டுத் தெளிந்தார்கள். ரொம்ப வேகமான படகாக இருந்தால் அறுக்க மனசு வராமல் சுங்கத்துறையே வைத்துக்கொண்டதும் உண்டு.

நம் கடற்கரையில் ரம்பம் தேவைப்படுவதில்லை. வழக்கு ஒரு முடிவுக்கு வருவதற்குள் வெயிலும் உப்புக்காற்றும் அந்த வேலையை முடித்துவிடுகின்றன. படகைப் பறிப்பது சட்டம், மட்க விடுவது சோம்பல்.

கடத்தலை அடியோடு ஒழிக்க எத்தனை ரோந்துக் கப்பல் வாங்க வேண்டும்? (கோவை வாசகர்)

ஒன்றும் வேண்டாம், பேனா போதும்.

1780-களில் இங்கிலாந்தில் தேயிலைக்கு வரி சுமார் 119 சதவீதம். ஒரு ரூபாய் இலைக்கு ஒன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரி! கென்ட், சஸெக்ஸ் கரையோரத்தில் ஊர் ஊராகத் தேயிலை கடத்தினார்கள். பாதிரியார் வீட்டுக் கெட்டிலில் கொதித்ததும் கள்ளத் தேயிலைதான். கட்டர்கள் ராப்பகலாகச் சுற்றின, பீரங்கி வெடித்தது, ஆள்கள் செத்தார்கள், தேயிலை மட்டும் வந்துகொண்டே இருந்தது. 1784-ல் இளம் பிரதமர் வில்லியம் பிட் வரியை 12.5 சதவீதமாக வெட்டினார். முறைப்படி வரி கட்டி இறங்கிய தேயிலை மறு வருடமே இரண்டு மடங்கைத் தாண்டியது. நூறு கப்பலால் ஆகாததை ஒரு சட்டம் செய்தது.

கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க பிட் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு ஜன்னல்களுக்கு இருந்த வரியை ஏற்றினார். ஜன்னலைக் கடத்த முடியாதல்லவா? மக்கள் லேசுப்பட்டவர்களா, செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள்.

நம்மூர்த் தங்கமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 முதல் 1990 வரை இருந்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பட வில்லன்கள் எல்லோரும் பெட்டியில் தங்க பிஸ்கட் வைத்திருந்தது சும்மா இல்லை. 2022-ல் இறக்குமதி வரி 15 சதவீதம் ஆனது. கிலோ 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கணக்கில் காட்டாமல் உள்ளே வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 9 லட்சம் மிச்சம். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 சதவீதமாகக் குறைத்தபோது, கடத்தல்காரனின் லாபத்தில் பாதிக்கு மேல் ஒரே மத்தியானத்தில் போயிற்று. ஒரு லிட்டர் டீசல்கூடச் செலவில்லை.

குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அவன் காலத்துக் கடத்தல்காரர்கள் பாவம், வேறு பிழைப்புத் தேடியிருப்பார்கள்.

ராமநாதபுரம் பக்கம் கடலுக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்ததாகப் படித்தேன். கடலில் தூக்கிப் போட்டால் போனது போனதுதானே, எப்படிக் கிடைத்தது? (மதுரை வாசகி)

போடுகிறவனும் திரும்ப எடுக்கிற உத்தேசத்தில்தானே போடுகிறான்! 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடலடியிலிருந்து 17.74 கிலோ எடுத்தார்கள். அதே வருடம் மே கடைசியில் வருவாய்ப் புலனாய்வுத் துறை, சுங்கத்துறை, கடலோரக் காவல் படை மூன்றும் சேர்ந்து மன்னார் வளைகுடாவில் மடக்கியது 32 கிலோவுக்கு மேல், மதிப்பு 20 கோடி ரூபாய். அதிலும் ஒரு பகுதியைக் கடலுக்குள் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. துரத்தல் ஆரம்பித்ததும் பொட்டலம் கடலில் விழும். விழுந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து வலை போடுகிற சாக்கில் வந்து முங்கி எடுப்பது திட்டம். ரோந்துப் படகும் அதே புள்ளியைக் குறித்துக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். அங்கே கடல் ஆழமும் இல்லை. முத்துக்குளித்த சீமையில் முங்குவதற்கா ஆள் பஞ்சம்?

புதுத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலக் கால்வாயில் இதை 'பயிர் விதைப்பது' என்றார்கள். சுமார் 18 லிட்டர் பிடிக்கிற சிறு பீப்பாய்களில் பிராந்தி. ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, நடுநடுவே கல்லைத் தொங்கவிட்டு, கரைக்குச் சற்றுத் தள்ளி இறக்கிவிடுவார்கள். இருட்டில் உள்ளூர்ப் படகு வந்து அறுவடை செய்யும். சுங்கக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொக்கி கட்டிய இரும்பைக் கடல் தரையில் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே போவார்கள். கொக்கியில் கயிறு மாட்டினால் ஒரு தோப்பே மேலே வரும். மாட்டுவது பெரும்பாலும் பாசி.

அமெரிக்க மதுவிலக்கு காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூட்டையோடு உப்புப் பையையும் மிதவையையும் கட்டிப் போட்டால், உப்பு கரையும் வரை சரக்கு கீழே, கரைந்ததும் மேலே. 'நாயகன்' படத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

சரக்கைக் கடலில் போட்டுவிட்டால் படகு காலி, சாட்சி இல்லை. வழக்கு நிற்காதே? (வழக்கறிஞராம், தஞ்சாவூர்)

சுங்கச் சட்டம் 1962, 115-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பறிமுதலுக்குப் பயந்து சரக்கைக் கடலில் எறிந்தால், எறிந்த படகே பறிமுதலுக்கு உரியது. சட்டம் எழுதியவர்களுக்கு நம்ம ஆட்களைத் தெரிந்திருக்கிறது. கையில் தங்கம் அகப்பட்டால் 123-ஆம் பிரிவு: அது கடத்தல் தங்கம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவர் பொறுப்பு. 'பாட்டி கொடுத்தது' என்றால் பாட்டிக்கும் சம்மன் வரும்.

நிற்காமல் ஓடுகிற படகைச் சுடலாமா? (காரைக்கால் வாசகர்)

106-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிற்காவிட்டால் அரசுக் கப்பல் துரத்தலாம். அடையாளமாக ஒரு வெடி வெடிக்க வேண்டும். அப்போதும் நிற்காவிட்டால்தான் அதைச் சுடலாம். சட்டம் 'சுடலாம்' என்கிறது, 'சுடு' என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி.

பெயர் 'ஐ'ம் அலோன்'. கனடாவில் பதிவான பாய்க்கப்பல், வயிறு நிறைய மது. 1929 மார்ச்சில் லூசியானா கரைக்கு அருகே வுல்காட் என்ற அமெரிக்க ரோந்துக் கப்பல் நிறுத்தச் சொன்னது. கேப்டன் மறுத்துவிட்டார். நான் நிற்பது உன் கடல் இல்லை என்பது அவர் வாதம். அது லேசான வாதமும் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் 1924-ல் செய்த ஒப்பந்தத்தில் எல்லையை மைலில் சொல்லவில்லை. கரையிலிருந்து கப்பல் ஒரு மணி நேரத்தில் ஓடக்கூடிய தூரம் என்றார்கள். ஆமைக் கப்பலுக்கு எல்லை பக்கத்தில், குதிரைக் கப்பலுக்கு எல்லை தூரத்தில்! அந்தக் கப்பல் எவ்வளவு வேகம் ஓடும் என்பதே ஒரு வழக்கு விஷயம் ஆயிற்று.

துரத்தல் இரண்டு நாள் நீண்டது. வேறு திசையிலிருந்து டெக்ஸ்டர் என்ற இரண்டாவது ரோந்துக் கப்பல் வந்து சேர்ந்தது. கரைக்கு 200 மைலுக்கு அப்பால் அது சுட்டே மூழ்கடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார். ஆறு வருடம் பஞ்சாயத்து நடந்தது. 1935-ல் தீர்ப்பு: மூழ்கடித்தது தவறு, அமெரிக்கா மன்னிப்புக் கேட்டு கனடாவுக்கு 25,000 டாலர் தர வேண்டும், மாலுமிகளுக்குத் தனி நஷ்டஈடு. கப்பலுக்கும் சரக்குக்கும்? ஒரு காசும் இல்லை. விசாரணையில் தோண்டியபோது அதன் நிஜ முதலாளிகள் அமெரிக்கர்கள் என்று தெரிந்துவிட்டது. கொடி கனடா, கல்லாப்பெட்டி அமெரிக்கா.

துரத்தும்போது எதிரி அடுத்த நாட்டுக் கடலுக்குள் புகுந்துவிட்டால்? (அதிராம்பட்டினம் வாசகர்)

கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். நம் எல்லைக்குள் ஆரம்பித்த துரத்தலை, இடைவிடாமல் தொடர்ந்தால், திறந்த கடல் வரை கொண்டுபோகலாம். ஓடுகிற கப்பல் தன் நாட்டின் அல்லது மூன்றாம் நாட்டின் எல்லைக் கடலுக்குள் நுழைந்தவுடன் அந்த உரிமை செத்தது. அட்லாண்டிக்கில் இதற்கெல்லாம் இடம் உண்டு. பாக் நீரிணையில் திறந்த கடலே கிடையாது. இந்தியக் கடல் முடிந்த கோட்டில் இலங்கைக் கடல் ஆரம்பம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். இரட்டை எஞ்சின் ஃபைபர் படகுக்கு இது ஒரு பாட்டு கேட்கிற தூரம்.

இன்னொரு தலைவலி, ஆழம். மணல் திட்டுகளுக்கு மேல் கால் மறைகிற தண்ணீரில் ஃபைபர் படகு வழுக்கிக்கொண்டு போய்விடும், பெரிய கப்பல் தரை தட்டும். மண்டபத்தில் கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருப்பது வேடிக்கை காட்ட இல்லை.

கப்பலுக்குள் ஏறிய பிறகு எங்கே தேடுவது என்று எப்படித் தெரியும்? ஒரு சரக்குக் கப்பல் எவ்வளவு பெரிசு! (எண்ணூர் வாசகி)

இந்த வாரத்தின் நல்ல கேள்வி.

முதலில் டேப் வைத்து அளப்பார்கள். அறை வெளியே நாலு மீட்டர், உள்ளே மூன்றரை மீட்டர் என்றால் அரை மீட்டர் எங்கே போயிற்று? தொட்டியில் அளவுகோலை இறக்கிப் பார்த்து, வரைபடத்தில் உள்ள ஆழம் இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். சுத்தியலால் தட்டுவார்கள், காலியான இரும்பு ஒரு சத்தம் போடும், நிறைந்த இரும்பு வேறு சத்தம். துருப்பிடித்த சுவரில் ஒரே ஒரு இடத்தில் புது பெயின்ட் இருந்தால் சந்தேகம். பழைய போல்ட்டில் புதுக் கீறல், காரணமில்லாத வெல்டிங் தழும்பு, சமையல்கட்டில் கிடக்கிற ஸ்பேனர், எல்லாம் சாட்சி. அப்புறம் பஞ்சு மாதிரி ஒரு துணியால் கைப்பிடிகளைத் துடைத்து மெஷினில் கொடுத்தால், போதைப்பொருளின் தூசு ஒட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடும்.

2015 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குக் கிழக்கே ஹமல் என்ற இழுவைக் கப்பலை மடக்கினார்கள். போர்க்கப்பல் சாமர்செட், கூடவே பிரிட்டிஷ் எல்லைப் படையின் ரோந்துக் கப்பல் வேலியன்ட். இந்த வேலியன்ட் வகைக் கப்பல்கள் 42 மீட்டர் நீளம், ஆள் ஒரு டஜன், வேகம் 26 நாட். பிரெஞ்சு சுங்கத்துறை துப்புக் கொடுத்திருந்தது. ஹமலில் பறந்தது தான்சானியக் கொடி. கொடிக்குரிய நாடு சம்மதித்தால்தான் திறந்த கடலில் ஏற முடியும். சம்மதம் வந்தது, ஏறினார்கள், ஒன்றும் இல்லை. துறைமுகத்துக்கு இழுத்து வந்து நாள்கணக்கில் குடைந்தார்கள். கடைசியில் கப்பலின் சமநிலைக்குத் தண்ணீர் நிரப்புகிற தொட்டிக்குள், அடைத்துப் பூசிய இடத்துக்குப் பின்னால், 3 டன்னுக்கு மேல் கொக்கைன்.

ஒன்பது மாலுமிகளில் இருவருக்குத்தான் தண்டனை நின்றது. தேடுவது கஷ்டம், யாருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிப்பது அதைவிடக் கஷ்டம்.

துப்புக் கொடுத்தால் காசு கிடைக்குமாமே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

கிடைக்கும். பறிமுதல் சரக்கை விற்று வருகிற தொகையில் 20 சதவீதம் வரை போகலாம் என்பது நம் நாட்டுப் பொது விதி. தங்கத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பெயர் ரகசியம். உண்மையைச் சொன்னால், ரேடாரைவிட அதிகச் சரக்கைப் பிடித்துக் கொடுப்பது பங்காளிச் சண்டை.

சுங்கக்காரர்களில் ரசனையுள்ளவர் யாராவது உண்டா? (புதுச்சேரி வாசகர்)

ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸ் கலால் அதிகாரி. 1792 பிப்ரவரி 29 அன்று சால்வே கடற்கழியில் தரை தட்டிய ரோசமண்ட் என்ற கடத்தல் கப்பலைப் பிடித்த கூட்டத்தில் அவரும் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். 'மொபி டிக்' எழுதிய ஹெர்மன் மெல்வில் நியூயார்க் துறைமுகத்தில் 19 வருடம் சுங்க ஆய்வாளர். நாவல் விற்கவில்லை, சுங்கம் சோறு போட்டது. சம்பளம் ஒரு நாளைக்கு 4 டாலர்.

நம்மிடம் கடலோரக் காவல் படை இருக்கும்போது சுங்கத்துறைக்கு எதற்குத் தனிப் படகு? (வேளாங்கண்ணி வாசகர்)

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். கடலோரக் காவல் படை பிறந்ததே சுங்கத்துறையால் முடியாமல்தான். 1960, 70-களில் அரபிக்கடல் பக்கம் தங்கமும் கடிகாரமும் கொட்டின. சுங்கப் படகுகள் கடத்தல் தோணியைவிட மெதுவாக ஓடின. ருஸ்தம்ஜி கமிட்டி 1974-ல் ஆராய்ந்து, கடற்படை மாதிரி தனிப் படை வேண்டும் என்றது. 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கி, 1978-ல் சட்டப்படி உருவானது. சுங்கத்துறையின் ரோந்துப் படகுகள் பிற்பாடு அங்கே கைமாறின. பிள்ளை வளர்ந்து கப்பலும் விமானமும் வாங்கிவிட்டது. தங்கத்தை எடை போட்டு, மகஜர் எழுதி, வழக்கு நடத்த இன்றைக்கும் சுங்க அதிகாரி வேண்டும்.

உயிரைக் காப்பாற்றுகிற வேலையும் இந்தக் கப்பல்களுக்கு உண்டா? (கடலூர் வாசகி)

அமெரிக்க வரிப் படகுகள் குளிர்காலத்தில் ஆபத்திலுள்ள கப்பல்களுக்கு உதவப் போகலாம் என்று 1837-லேயே சட்டம் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்களின் இப்போதைய நாட்களில் ஒரு பங்கு, காற்றடைத்த படகில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டப் பார்க்கிற அகதிகளைத் தூக்கி எடுப்பதில் போகிறது. பிராந்திப் பீப்பாயைத் தேடக் கட்டிய பரம்பரை, நனைந்த குழந்தைக்குக் கம்பளி போர்த்துகிறது. இதைச் செய்கிற மாலுமிகளைப் பற்றி எனக்கு நக்கல் வரவில்லை.

கடல் அட்டையைக் கடத்தினால் கைது என்கிறார்கள். அட்டை அப்படி என்ன தப்பு செய்தது? (தொண்டி வாசகர்)

தப்பான கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தது. இந்தியாவில் 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், தொட்டால் சிறை. இலங்கையில் லைசென்ஸ் வாங்கினால் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். எனவே ராத்திரியில் அது தெற்கே பயணம். மஞ்சளும் அப்படியே. இலங்கை இறக்குமதிக்குத் தடை போட்டதும், நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சரக்கு மூட்டை மூட்டையாகக் கடத்தல் பொருள் ஆயிற்று. தங்கம் வடக்கே, மஞ்சள் தெற்கே. கல்யாணச் சாமான் இரண்டுக்கும் நடுவே ரோந்துக் கப்பல்.

பாம்பனில் படகு வைத்திருக்கும் என் நண்பனிடம், ஒரே ஒரு தடவை நடுக்கடலில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தால் பெரிய தொகை தருவதாக யாரோ சொல்கிறார்களாம். போகலாமா? (ராமேசுவரம் வாசகர்)

தங்கத்தின் முதலாளி கரையில் ஏசி அறையில் இருப்பார், பெயரே தெரியாது. பிடிபட்டால் போவது நண்பரின் படகு, ஏழு வருடம் வரை சிறை, வழக்குச் செலவுக்கு வீட்டம்மா நகை. அந்த நகை மட்டும்தான் இந்தக் கதையில் வரி கட்டிய தங்கமாக இருக்கும்.

கடிதத்தில் நண்பரின் படகு எண்ணையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. தங்கத்துக்குத் தனிக் கணக்கு என்று மேலே சொன்னேனே, அது எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.